டெல்மர் ஓட்டை

பனிக்காலத்தில் கோழி வளர்ப்பதில் முக்கால்வாசி வேலை வெந்நீர் சுமப்பதுதான். வைத்துவிட்டுத் திரும்பினால் உறைந்திருக்கும். உடைத்துக் கொட்டிவிட்டு மறுபடி சுமக்க வேண்டும். நம் ஏரிக்கரையில் ஜனவரி மாதம் தபால்காரர் தும்மினால் அது தரையில் விழுந்து கண்ணாடி மாதிரி நொறுங்கும். உனக்குத் தெரியாததா, ஆர்லோ. போலீஸ் உடுப்புப் போட்ட பிறகும் உன் மூக்கு ஒழுகுவது நிற்கவில்லை. நான் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் முன்சீட்டில் உட்கார்ந்து ஒழுகிய அதே மூக்கு.

காபியைக் குடி. ரம்பத்தைக் கீழே வை. செத்துப்போன டெல்மரின் நினைவாக ஊரில் எல்லாக் கோழிக்கொட்டகைக்கும் ஓட்டை போட்டுத் தருகிறீர்கள், இன்று என் கொட்டகையின் முறை. அவ்வளவுதானே. அதற்கு முன் நான் சொல்வதைக் கேள்.

கோழி விஷயத்தில் இந்த ஊருக்கு வாத்தியார், வைத்தியர், நீதிபதி எல்லாம் நான்தான். முட்டை நின்றால் எனக்குத்தான் போன் வரும். கோழிக்குச் சளி பிடித்தால் பாதிரியார்கூட என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கடவுளிடம் போவார். நான் எல்லோருக்கும் சொன்னது ஒன்றுதான்: சந்து பொந்து எல்லாவற்றையும் அடை. கந்தல், வைக்கோல், பழைய பேப்பர், எது கிடைத்தாலும் வைத்து அடை. என் பேச்சைக் கேட்டு ஊரே அடைத்தது.

பிறகு தெற்கே ஜார்ஜியா மாநிலத்திலிருந்து டெல்மர் டிஸ்டேல் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தான். மனைவியை இழந்தவன், பனியைப் படத்தில் மட்டும் பார்த்தவன். வாயைத் திறந்தால் 'ஹில்யாம்மா' என்பான். அவன் மரியாதை பாயசத்தில் விழுந்த ஈ மாதிரி எனக்கு இனித்தது.

ஒரு நாள் தீவனக் கடையில் புதிதாகக் கோழி வாங்கிய பெண்ணுக்கு எப்படி அடைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குறுக்கே வந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஹில்யாம்மா. கூரைக்குக் கீழ ரெண்டு பக்கமும் ஓட்டை வேணும். கோழி விடுற மூச்சுல ஈரம் இருக்கு. அது வெளிய போகலைன்னா கொண்டையில உறைஞ்சு கருக்கிரும். குளிர் இல்லீங்க, ஈரம்தான். உங்க சேவலே பாவம் அப்படித்தான நிக்குது."

"ஆமா ஹில்யா," என்றான் கடைக்கார வெர்னர். "நானும் பாத்தேன். ரோட்டுக்குப் போட்ட தார்ல மிச்சத்த அது தலையில ஊத்திட்டியோன்னு நெனச்சேன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தீவன மூட்டைகள்கூடக் குலுங்கின. நான் கோபப்படவில்லை. அந்தப் பெண் நான் சொன்னதை மறந்துவிட்டு அவன் பக்கம் திரும்பிக்கொண்டதை மட்டும் பார்த்தேன்.

மறுநாள் காலை அவன் வாஸ்லின் டப்பாவோடு வந்து, என் சேவலை மடியில் வைத்து அதன் கொண்டையில் தடவிவிட்டான். என் கையைப் பார்த்தால் ரத்தம் வரக் கொத்தும் சேவல், அவன் மடியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அதை வேகவைத்தேன். கறி கொஞ்சம் முரடு.

அதன் பிறகு என் போன் ஊமையாகிவிட்டது. தேவாலயத்து நிலவறையில் காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. நான் ஒரு வாரம் இருமலோடு படுத்துவிட்டுப் போனபோது அதில் அவன் உட்கார்ந்திருந்தான். எழுந்து இடம் கொடுத்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சுற்றி இருந்தவர்களும் அவனோடு எழுந்து போனார்கள்.

புயலன்று மின்கம்பி அறுந்தது. மதியம் அவன் கேஸ் ஹீட்டரைக் கட்டியணைத்துக்கொண்டு என் ஜன்னலைத் தாண்டித் தன் கோழிக்கொட்டகைக்குப் போனான். என்ன கூத்து என்று கேட்டேன்.

"என் வெள்ளைக் கோழிக்கு இறகெல்லாம் உதிர்ந்து கெடக்குங்கம்மா, வெறச்சுப் போவா. தீப்புடிச்சிரக் கூடாதுன்னு நானும் உள்ளயே உக்காந்துக்கறேன். மேல ஓட்டை தொறந்துதான் இருக்கு, பயமில்ல."

அவன் ஜாக்கிரதைக்காரன். அதை யாரும் மறுக்க முடியாது.

கொஞ்ச நேரம் கழித்துப் பனி வாரும் ஷவலை எடுத்துக்கொண்டு அவன் கொட்டகை வாசல் பாதையைச் சுத்தம் செய்யப் போனேன். பக்கத்து வீட்டுக்காரி செய்ய வேண்டியதுதானே. வாரிய பனியை எங்காவது போட வேண்டும். கூரைவரை குவிந்திருந்ததால் ஏறி நிற்க வசதியாக இருந்தது. இந்தப் பக்க ஓட்டையில் போட்டு ஷவலால் தட்டி இறுக்கினேன், பிறகு சுற்றிப் போய் அந்தப் பக்கமும். கதவில், கோழி திருட வரும் ரக்கூன் நுழையாமல் இருக்க, வெளிப்பக்கம் இரட்டைக் கொக்கி வைத்திருந்தான். காற்றில் கதவு படபடத்தது, மாட்டிவிட்டேன்.

என் எண்ணம் ஒன்றுதான். அடைத்த கொட்டகை எத்தனை இதமாக இருக்கும் என்பதை அவன் உட்கார்ந்து அனுபவித்துப் பார்க்கட்டும். வெளியே வந்து, "நீங்க சொன்னதுதாங்க சரி" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அவன் சொல்லவில்லை.

பிறகு கொக்கியை எடுத்துக் கதவைத் திறந்தேன். வெக்கை முகத்தில் அடித்தது. ஏப்ரல் மாதம் போல இருந்தது உள்ளே. ஒரு கோழிக்காவது கொண்டை கருகியிருக்க வேண்டுமே. இல்லை. வரிசையாகக் கிடந்தவற்றின் கொண்டைகள் செக்கச்செவேல் என்று இருந்தன. டெல்மரின் கன்னங்களும் அப்படித்தான். அந்தக் கோழிகளுக்காக நான் அழுதேன், ஆர்லோ. அவை என்ன பாவம் செய்தன. கதவைச் சாத்திவிட்டு வந்து சூப் வைத்தேன்.

காற்று அள்ளிவந்த பனி ஓட்டைகளை அடைத்து, ஹீட்டர் விட்ட நச்சுக்காற்று உள்ளேயே தங்கிவிட்டது என்று நீ முடிவு செய்தாய். நானும் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் இப்போது ஊரே ரம்பத்தோடு திரிகிறது. அந்த ஓட்டைக்கு 'டெல்மர் ஓட்டை' என்று பெயர் வைத்து, வெர்னர் கடை வாசலில் பலகை மாட்டியிருக்கிறான். இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. அடைத்தது காற்று இல்லை, நான். அடைத்தால் கொண்டை கருகாது என்று நிரூபித்ததும் நான். அதை நீ எழுதிக்கொள்ள வேண்டும்.

உள்ளே சத்தம் கேட்கவில்லையா என்று கேட்கப்போகிறாய். கேட்டது. அடைந்து கிடக்கிற கோழிகள் சலிப்பில் பலகையைக் கொத்தும், பனிக்காலத்தில் அது சகஜம். அப்படித்தான் எடுத்துக்கொண்டு ஷவல்மேல் சாய்ந்து நின்றேன். ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும், அவன் கோழிகளை நன்றாகத்தான் வளர்த்திருந்தான். கொத்துவதற்கு நடுநடுவே, கதவைத் திறக்கச் சொல்லி என்னிடம் தயவாகக் கேட்டன. கடைசிவரை ஒரு மரியாதைக் குறைவான வார்த்தை சொல்லவில்லை.