ஃபேர்லேண்ட்ஸில் இரண்டு சம்பந்திகள்

— எனக்குங்களா? கண்ணு கொஞ்சம் மங்கலாத் தெரியுதுங்க சம்பந்தி. சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல நல்ல ஆஸ்பத்திரி இருக்குன்னாங்க, மல்லசமுத்திரத்துல பஸ் ஏறிட்டேன். நீங்க எங்கீங்க நாமக்கல்லுல இருந்து இவ்வளவு தூரம்? கோழிப்பண்ணைய ஆரு பாக்கறது?

— பாருங்க, எனக்கும் கண்ணுதானுங்க.

— அட. ரெண்டு பேருக்கும் கண்ணு.

— ஆமாங்க. வயசாகுதுல்லீங்க.

— அண்ணே, ரெண்டு பேரும் கூட்டத்துக்குத்தானே வந்தீங்க? கண்ணாஸ்பத்திரி ரோட்டுக்கு அந்தப் பக்கம். இங்க குடிய விடறவங்க கூட்டம் மட்டுந்தான். டீ எடுத்துக்கங்க. எம்பேரு நசுருல்லா, நானும் குடிச்சவன்தான். இங்க பேரு மட்டும் சொன்னாப் போதும், ஊரு வேணாம்.

— சடையனுங்க.

— மாதையனுங்க.

— ஊர நான் கேக்கலண்ணே, பேச்சே சொல்லுது. திருச்செங்கோட்டுலயும் கூட்டம் இருக்கு. அந்தப் பக்கத்து ஆளுங்க, தெரிஞ்சவங்க பாத்துருவாங்கன்னு இங்க வர்றாங்க. சேலத்து ஆளுங்க அதே பயத்துல அங்க போறாங்க. கடைசில பஸ் ஸ்டாண்டுல எதிரெதிர நின்னு கண்ணாஸ்பத்திரின்னு சொல்லிக்கறாங்க. உக்காருங்க, ஆரம்பிக்கறப்பக் கூப்பிடறேன்.

— டீ ஆறுதுங்க சம்பந்தி.

— ஆறட்டுங்க. நான் கண்ணுன்னு பொய் சொன்னேன். இனி என்னத்த மறைக்கிறது.

— அட, நானுந்தானுங்களே சொன்னேன்.

— உங்கள இங்க பாப்பேன்னு நெனைக்கவே இல்லீங்க. உங்க ஊர்ல வந்து விசாரிச்சப்ப, அந்த ஊட்ல காப்பியே அளவாத்தான் குடிப்பாங்கன்னாங்க. அத நம்பித்தான் என்ற பொண்ணு இனியாவ உங்க பையனுக்குக் குடுக்கச் சம்மதிச்சேன்.

— பாருங்க, பொண்ணு குடுக்க வர்றவங்ககிட்ட ஊரு நல்லதத்தானுங்களே சொல்லும்.

— கோவமில்லீங்க. கோவம் வரணும், வரமாட்டேங்குது. இப்பல்லாம் எதுவுமே வரமாட்டேங்குது.

— எப்பிருந்துங்க?

— தெரியலீங்க. நானு இத்தன வருசமும் போர்வெல் போடற வண்டிலதானுங்களே. மத்தியப் பிரதேசத்துல ஒரு காட்டுல போர் போட்டுட்டு இருந்தோம். ராடு மாட்டறப்ப போதைல என்ற கை நழுவி, கூட நின்ன ஆளு கால்மேல உளுந்துருச்சு. அவன் கத்தறான். எனக்கு டிவில ஆரோ கத்தற மாதிரி இருந்துச்சுங்க. ஓடிப்போய்த் தூக்கணும்னே தோணல. மத்தவங்கதான் தூக்குனாங்க.

— அப்பறம்?

— அப்பறம் என்னங்க. கூட்டத்துக்குப் போய்ட்டு வந்தாத்தான் வண்டில ஏத்துவேன்னுட்டாரு ஓனரு. எடத்தையும் அவரே வெசாரிச்சுச் சொன்னாரு. சரின்னு வந்தேன். வரணும்னும் இல்ல, வரக்கூடாதுன்னும் இல்ல.

— ஊட்ல என்ன சொன்னாங்க?

— ஊட்டுக்காரி சௌந்திரம் அழுதா. பாத்துட்டே நின்னேன். சோறு போட்டா, தின்னேன். இனியா மட்டும் அழுகலீங்க. சின்னதுல இருந்தே அந்தப் புள்ள அழுகாது. நான் வாசல்ல உளுந்து கெடந்தா செருப்பக் கழட்டி வெச்சுட்டு, தலைக்கு ஒரு துணியச் சுருட்டிக் குடுத்துட்டு, படிக்கப் போயிரும். ஏம்ப்பான்னு ஒரு வார்த்த கேட்டதில்ல.

— நல்ல புள்ளைங்க.

— நிச்சயத்தன்னைக்குக் கூட ஏலக்காய மென்னுட்டு உங்ககிட்டருந்து ஒதுங்கியே நின்னனுங்க. தட்டு மாத்தறப்ப மூச்சப் புடிச்சுட்டேன்.

— தெரியுமுங்க.

— தெரியுங்களா? தெரிஞ்சுமா தட்ட வாங்குனீங்க?

— பாருங்க சம்பந்தி, அன்னைக்கு நானும் மூச்சப் புடிச்சுட்டுத்தானுங்க நின்னேன்.

— ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. நம்ம ரெண்டு கெழடும் எப்பிடியோ போறோம். இங்க பாத்தத வெச்சுக் கல்யாணத்த மட்டும் நிறுத்தீராதீங்க. மாப்பிள்ள சித்தார்த்து தங்கமானவரு. பொண்ணு பாக்க வந்தப்பக் குனிஞ்ச தலை நிமிரலியே. குடிகாரன் ஊட்ல பொறந்த புள்ள, போற ஊட்லயாச்சும் பொழுதெறங்குனா வாசலப் பாத்துப் பயப்படாம இருக்கட்டும். எனக்குள்ள எல்லாம் செத்துப்போச்சுங்க. மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்.

— நான் நிறுத்த மாட்டனுங்க.

— அது போதுங்க.

— அண்ணே, ஆரம்பிக்கறோம். குடிக்கறவங்க இந்த ரூமு. வீட்டுல யாராச்சும் குடிச்சு, அவங்களுக்காக வந்தவங்க எதுத்தாப்ல ரூமு.

— சரிங்க பாய். வாங்க சம்பந்தி, ஒண்ணாவே உக்காந்துக்கலாம். ஏனுங்க, அக்கட்டால எங்க போறீங்க? நம்ம ரூமு இதுங்க.

— என்ற ரூமு அதுங்க.

— அது ஊட்டுக்காரங்களுக்குன்னு இப்பத்தானுங்களே பாய் சொன்னாரு.

— ஆமாங்க. நான் இதுவரைக்கும் தொட்டதில்லீங்க சம்பந்தி. சித்தார்த்துக்காக வந்தேன். கூப்பிட்டுப் பாத்தேன், அவன் வரமாட்டேன்னுட்டான். அவனுக்குப் பதிலா நானாவது உக்காந்து கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.

— சித்தார்த்துங்களா?

— நாலு வார்த்த திட்டியாச்சும் உடுங்க.

— திட்டும் வரலீங்க. என்ற புள்ளைக்கு இது தெரியுமுங்களா?

— தெரியுமுங்க. மனசு கேக்காம நானே போன்ல கூப்பிட்டுச் சொன்னேன். வேண்டாம்னா இப்பவே நிறுத்திக்கலாம் சாமின்னேன். 'நான் எங்கப்பாகிட்ட வளந்தவ மாமா, எனக்கு இதெல்லாம் பழக்கந்தான்'னுச்சுங்க.