போனவன் பெயர்

அந்த மூலையில் சாத்தி வைத்திருக்கிற கிதாரில் மூன்றாவது தந்தி இறங்கியிருக்கிறது, மாமா. நான் உள்ளே வரும்போது உங்கள் ஏட்டு அதை வருடிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அதுவே காதில் உறுத்திக்கொண்டிருக்கிறது. கொடுத்தால் இரண்டு நிமிஷத்தில் சரி செய்துவிடுவேன். வேண்டாமா, சரி. விலங்கு மாட்டிய கையோடு தந்தி முறுக்குவது எனக்கும் சிரமம்தான்.

மாமா என்று கூப்பிடுவதில் தப்பில்லையே. நாற்காலியைக் காட்டுவதற்கு முன்னால் என் குலப்பெயரைக் கேட்டவர் நீங்கள். எதிரே இருப்பவன் கொலைகாரனாகவே இருந்தாலும் என்ன முறை என்று தெரியாமல் நம் பதாக் ஜனத்துக்கு வாய் திறக்க வராது. நான் மங்காசி, சிதுமோராங் குலம். என்னைப் பெற்றவள் மனுருங் குலம். உங்கள் சட்டைப் பையின் மேலேயும் மனுருங் என்றுதான் எழுதியிருக்கிறது. என்னைவிடப் பத்து வயது சின்னவர்தான், ஆனாலும் முறை முறைதானே.

மலைமேல் பதினேழு வருஷம் எனக்கு இந்தப் பெயர் கிடையாது. வெளிச்ச வீடு என்று சொல்லிக்கொள்வார்கள். சுற்றிலும் முள்வேலி, ஒரே ஒரு வாசல். உள்ளே போகிறவன் முதல் நாளே குலப்பெயரைச் செருப்பு மாதிரி கழற்றி வைத்துவிட வேண்டும். அங்கே எல்லோருக்கும் ஒரே ஒரு தந்தை. அவர் வைக்கிற பெயர்தான் பெயர். எனக்குப் பணிவு என்று வைத்தார். அந்த மனிதருக்கு ஆள் பார்க்கத் தெரியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அவருக்குச் சுருதியும் தெரியாது. நான்கு சுரம் சேர்ந்தாற்போல் பாட வராது. பாட வராத மனிதர் ஒரு நாள் காலையில் பாட்டு பாவம் என்று அறிவித்தார். ஐந்நூறு பேர் ஆமென் சொன்னார்கள். அன்றிலிருந்து ஜெபமெல்லாம் ஒரே சுரத்தில் ஈ முரளுகிற மாதிரி. ஏரியும் பாவம்தான். கீழே தோபா ஏரி அவ்வளவு பெரிசாகக் கிடக்கிறது, அதில் முழங்கால் நனைக்கக் கூடாது. ஏன் என்று ஒருத்தன் கேட்கவில்லை. கேட்கிற ஜாதியாக இருந்தால் அங்கே ஏன் வருகிறான்.

யாராவது ஓடிப்போனால் மறுநாள் காலைக் கூட்டத்தில் தந்தை அவன் பெயரை ஒரே ஒரு முறை சொல்வார். அத்தனை பேரும் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். அதோடு சரி, போனவன் பெயரை அந்த வீட்டில் அப்புறம் யாரும் உச்சரிக்க மாட்டார்கள். பெற்ற தாய் பொத்துவதை நான் பார்த்திருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வழியும், கை மட்டும் வாயை விட்டு இறங்காது. மந்தை, மாமா. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

என் வேலை பெயர்ப் புத்தகம். வருகிறவனின் குலப்பெயர் ஒரு பக்கம், தந்தை கொடுத்த பெயர் எதிர்ப்பக்கம். பழைய பதாக் எழுத்தில் எழுதச் சொன்னார், எவன் எட்டிப் பார்த்தாலும் விளங்கக் கூடாது என்று. அந்த எழுத்து என் அப்பனிடம் படித்தது. கைக்குழந்தையாக வந்த பிள்ளைகளுக்குத் தாங்கள் எந்தக் குலம் என்று தெரியாது; பெற்றவர்கள் சொன்னால் தண்டனை. தெரிந்தவர்கள் இரண்டே பேர், தந்தையும் நானும். தந்தைக்கு மறதி. எனக்கு அந்த வியாதி இல்லை.

நான் வெளியே வந்ததற்குக் காரணம் தந்தையின் அக்கிரமம் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது பொய்யாகிவிடும். உப்பு வாங்கக் கீழே அனுப்பினார்கள். பலிகே சந்தைக்குப் பின்னால் ஒரு கள்ளுக்கடை. பட்டப்பகலில் மூன்று பேர் குடித்துவிட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மேலே, ஒருவன் நடுவில், ஒருவன் அடியில். மூன்றும் வேறு வேறு குரல், வேறு வேறு சுரம், ஆனால் கூரையின் மூன்று மரம் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. உப்பு மூட்டையைக் கீழே போட்டுவிட்டு நடுச்சந்தையில் நின்று அழுதேன். சொல்ல வெட்கமில்லை. நான் மனதார நேசித்தது வாழ்க்கையில் அது ஒன்றைத்தான். அடுத்த வாரம் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பிறகு அதே ஏரிக்கரையில் நானே ஒரு கள்ளுக்கடை போட்டேன். மலையிலிருந்து தப்பி வருகிறவர்கள் ஒவ்வொருவராக என் வாசலுக்குத்தான் வந்தார்கள். குலம் தெரியாதவனை இந்த ஊரில் கல்யாணப் பந்தியில் எந்தப் பக்கம் உட்கார வைப்பது? யாரை மாமன் என்பான், யாரை மச்சான் என்பான்?

"ஐயா, நான் யாருங்கய்யா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். நரைத்த தலையோடு ஒருத்தி வந்து கேட்டாள்.

"நீ சிம்போலோன். போ, உன் ஜனத்தைத் தேடு" என்றேன்.

காலில் விழுந்துவிட்டாள். நான் என்னவோ பெற்றுப் போட்ட மாதிரி. ஒரு வேலியைத் தாண்டி வந்தவர்கள் அடுத்த வேலி எங்கே என்று தேடுகிறார்கள், விழுவதற்கு ஒரு கால் வேண்டியிருக்கிறது. எனக்கு அதெல்லாம் பிடிக்காது. எழுந்து போ என்று அனுப்பிவிட்டேன்.

தியார்மா அப்படி விழவில்லை. பத்தொன்பது வயதில் வந்தாள். சிஹோதாங் என்றேன், தலையாட்டினாள், கழுவாமல் கிடந்த கண்ணாடி டம்ளர்களைப் பார்த்துக் கழுவ உட்கார்ந்தாள். கழுவிக்கொண்டே முனகினாள். நான் பீப்பாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டேன், கள் தரையில் ஓடியது. பாட்டே கேட்காமல் வளர்ந்த பெண்ணுக்கு அப்படி ஒரு மேல்குரல். ஒரு வருஷம் கழித்துச் சஹாலா வந்தான், இருபத்து நாலு வயது. அவனுக்கு நடுக்குரல். அடிக்குரல் என்னிடம் இருந்தது.

என்னை அப்பா என்று கூப்பிட வந்தார்கள். அந்த வார்த்தையே வேண்டாம், சித்தப்பா போதும் என்று நான்தான் சொன்னேன். கடைக்குப் பின்னால் ஆளுக்கொரு அறை கொடுத்தேன். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் பயிற்சி. வெளி ஆட்களோடு பேசித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. அவ்வளவுதான் என் சட்டம்.

"சித்தப்பா காதுல எறும்பு பூந்தாக்கூட, ஏய் நீ எந்த சுருதின்னு கேப்பாரு" என்பான் சஹாலா. அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் பாட்டைக் கேட்க ஏரிக்கு நடுவே இருக்கிற தீவிலிருந்து படகு பிடித்து வந்தார்கள்.

அவனுடைய குலப்பெயரை நான் உடனே சொல்லவில்லை. புத்தகத்தில் அந்தப் பக்கம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மெதுவாகத்தான் பிரிக்க வேண்டும் என்றேன். ஒரு வருஷம் காத்திருந்தான். காத்திருக்கிறவன் பயிற்சிக்கு நேரத்துக்கு வருவான்.

சென்ற மாதம் ஒரு நாள் காலையில் இரண்டு பேரும் சேர்ந்து வந்து நின்றார்கள்.

"சித்தப்பா, நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்" என்றான் அவன். "பாத்தாம் தீவுல கப்பல் பட்டறையில வேல இருக்காம். ரெண்டு பேரும் போயிடலாம்னு..."

"அப்ப பாட்டு?"

"பாட்டு எங்க போகுது சித்தப்பா. குளிக்கும்போது பாடிக்க வேண்டியதுதான்."

குளிக்கும்போது. சிரித்துக்கொண்டே சொன்னான், மாமா. அவளும் கூடச் சிரித்தாள். அந்த மேல்குரலை ஒரு வாளித் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சிரிக்கிறார்கள். கோபம் என்று சொல்ல மாட்டேன். இவர்களுக்கு இது கிடைத்தது வீண் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

"என் குலம் என்னன்னு மட்டும் சொல்லிடுங்க சித்தப்பா. அது தெரியாம மோதிரம் மாத்த முடியாதே" என்றான்.

புத்தகத்தை எடுத்து வந்து மேஜைமேல் விரித்தேன். பக்கம் ஒட்டியிருக்கவே இல்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பழைய எழுத்து ஒன்றும் விளங்காது. விரலை வைத்துப் படித்தேன்.

"சிஹோதாங்."

தியார்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஒரே குலம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ரத்தம். அண்ணன் தங்கை. பத்துத் தலைமுறை தள்ளிப் போயிருந்தாலும் அண்ணன் தங்கைதான்.

"நல்லாப் பாருங்க சித்தப்பா" என்றாள். "இன்னொரு தடவ பாருங்க."

"எத்தன தடவ பாத்தாலும் எழுத்து மாறாதும்மா."

அழுதாள். தண்ணீர் கொண்டு வர உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவன் தலையைக் குனிந்து புத்தகத்தின் மேல் கவிழ்ந்திருந்தான். அழுகிறான் என்று நினைத்தேன். அங்கேதான் நான் ஏமாந்தேன்.

அன்று சாயங்காலமும் பாடினோம். நான்தான் பாடச் சொன்னேன், மனசு லேசாகும் என்று. பிரிந்து போகிற காதலர் பாட்டு. அவள் அவனை "அண்ணே" என்று கூப்பிட்டு, சுருதி எடுத்துக் கொடுத்தாள். மாமா, நாங்கள் பாடியதிலேயே அதுதான் சிறந்தது. ஒரு டம்ளர் சத்தம் இல்லை, கடையில் இருந்த முரட்டு ஆம்பிளைகளெல்லாம் கண்ணைத் துடைத்தார்கள். நான் செய்தது சரி என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இரண்டு பேர் கட்டிக்கொண்டு பிள்ளை பெறுவது எங்கேயும் நடக்கிறது. இது நடக்காது.

மூன்று வாரம் நன்றாகப் போயிற்று. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தியார்மா பஸ் ஏறி மீன் வாங்க மூவாராவுக்குப் போயிருந்தாள். சஹாலா வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். புத்தகப் பக்கத்தின் படம். நான் தண்ணீருக்குப் போன அந்த நேரத்தில் எடுத்திருக்கிறான். சமோசிர் தீவில் பழைய எழுத்து படிக்கிற வாத்தியார் ஒருவரைக் கண்டுபிடித்துக் காட்டியிருக்கிறான். அவர்தானே உங்களிடம் வந்து சொன்னவர். அதோ உங்கள் மேஜைமேல் இருக்கிற படம்தான். கையெழுத்து என்னுடையதுதான், மறுக்கவில்லை. நைங்கோலான் என்று அழகாக எழுதியிருக்கிறேன்.

"நா நைங்கோலான்" என்றான். "ஏன் சித்தப்பா? நாங்க உங்களுக்கு என்ன பண்ணோம்? மலையில அந்தக் கிழவன் பண்ணதத்தான நீங்களும் பண்ணிருக்கீங்க."

அது எனக்குப் பிடிக்கவில்லை. தந்தையையும் என்னையும் ஒரே தட்டில் வைக்கிறான். தந்தை ஒருவனுக்காவது பெயரைத் திருப்பிக் கொடுத்தாரா? நான் நாற்பது பேருக்குக் கொடுத்திருக்கிறேன், எல்லாம் உண்மையான பெயர். ஒரே ஒரு பெயரில் கொஞ்சம் கை வைத்தேன். அதுவும் எனக்காக இல்லை.

"தப்புதான்டா" என்றேன். "வா, இப்பவே மூவாரா போவோம். தோணியில போனா சீக்கிரம். அவகிட்ட நானே என் வாயால சொல்லிடறேன்."

உடனே சந்தோஷப்பட்டுவிட்டான். என் கையைப் பிடித்துக்கொண்டான். இவ்வளவு நடந்த பிறகும் ஒருவன் நல்ல வார்த்தை சொன்னால் நம்புகிறார்களே, இவர்களை என்ன செய்வது.

காற்றில்லாத காலை. பனிமூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கரை சின்னதாகத் தெரிகிற வரைக்கும் துடுப்பு போட்டேன். பிறகு, தோணி ஒரு பக்கமாகச் சாய்கிறது, நீ எழுந்து இந்தப் பக்கம் வா என்றேன். ஏரிக்கரையில் வளர்ந்த பிள்ளை எவனும் தோணியில் எழுந்து நிற்க மாட்டான், உட்கார்ந்தபடியே நகருவான். வேலிக்குள் வளர்ந்தவனுக்கு அது தெரியாது. எழுந்து நின்றான். நான் உடம்பை இந்தப் பக்கம் சாய்த்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. துடுப்பை நீட்டியிருக்கலாம், எட்டுகிற தூரம்தான். நீட்டவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

"சித்தப்பா" என்று இரண்டு தடவை கூப்பிட்டான். முதல் தடவை சரியாக இருந்தது. இரண்டாவது அரைச் சுரம் இறங்கிவிட்டது. பயந்தால் உன் குரல் இறங்கும் என்று அவனிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் ஏரி அமைதியாகிவிட்டது. நான் திரும்பிப் போய்க் கடையைத் திறந்தேன்.

பதினோரு நாள் கழித்து நேற்று ஏரி அவனை எங்கேயோ கரை சேர்த்தது என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தியார்மாவுக்கு இன்னும் தெரியாது. அண்ணன் பாத்தாமுக்குத் தனியாகப் போய்விட்டான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளுடைய போன் என்னிடம் இருக்கிறது, பயிற்சியில் கவனம் சிதறக் கூடாது என்பதற்காக. இப்போதெல்லாம் அவள் அறையைப் பூட்டித்தான் நான் சந்தைக்குப் போவேன். ஊர் கெட்டுக் கிடக்கிறது, வயசுப் பெண். தந்தை போட்ட பூட்டு வேறு, நான் போடுகிற பூட்டு வேறு.

சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. உங்கள் ஏட்டு எடுத்து வைத்திருப்பார். யாராவது போய்த் திறந்துவிடுங்கள், காலையிலிருந்து அவள் சாப்பிட்டிருக்க மாட்டாள். என்ன நடந்தது என்று அவளிடம் சொல்ல வேண்டுமென்றால் சனிக்கிழமை பாட்டு முடிந்த பிறகு சொல்லுங்கள், அழுதால் மேல்குரல் கட்டிக்கொள்ளும். நான் இல்லாமல் அடிக்குரலுக்கு என்ன செய்வாளோ, அதுதான் எனக்குக் கவலை.

நேற்று காலையில்கூட, "சஹாலா கிட்டேருந்து ஏதாவது தகவல் வந்துச்சா சித்தப்பா?" என்று கேட்டாள். நான் அதட்டவில்லை, பொறுமையாகத்தான் சொன்னேன்: "நம்ம வீட்டுல போனவன் பேரைச் சொல்றதில்லம்மா."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வலது கையைத் தூக்கி உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நல்ல பிள்ளை, மாமா. ஒரு தடவை சொன்னால் போதும்.