இந்தக் கரையில் நிறுத்தியாயிற்று

உங்கள் நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் கேபிள் நிலையத்தில் இருப்பது ஆளின் முதுகை ஒடித்துவிடும்.

இன்டர்நெட் என்றால் எல்லாரும் வானத்தைத்தான் காட்டுகிறார்கள். நீங்களும் இப்போது அண்ணாந்து பார்த்தீர்கள். அது கடலுக்கு அடியில், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் பருமனில், கேபிளாகக் கண்டம் விட்டுக் கண்டம் கிடக்கிறது. வழியில் ஒளி மங்காமலிருக்க அங்கங்கே பெட்டிகள் உண்டு. அவற்றுக்கு இரண்டு கரையிலிருந்தும் மின்சாரம் போகும். தொட்டவர் பிழைக்க மாட்டார். இந்தக் கரையின் மின்சாரத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

கேபிள் அறுந்தால் கப்பல் போய் நுனியைத் தூக்கும். ஒட்டுப்போடுகிறவர் என் தங்கை புருஷன். பலே கெட்டிக்காரர், ஆனால் வீட்டில் பல்பு மாற்ற என்னைத்தான் கூப்பிடுவார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கரையில் வேலை கிடைத்துவிட்டது, குடும்பத்தோடு போகிறோம் என்றார். அது ஒன்றுதான்.

அப்பா அம்மா போன பிறகு தங்கையை நான்தான் வளர்த்தேன். தலை பின்னிவிடக்கூடக் கற்றுக்கொண்டேன். முதலில் கோணலாகத்தான் வரும், அப்படியே பள்ளிக்கூடம் போவாள். கல்யாணத்துக்குப் பிறகும் அடுத்த தெருவில்தான் வீடு பார்த்துக் கொடுத்தேன். "தினமும் வீடியோல பேசிக்கலாம்ண்ணே" என்றாள். என் கேபிளை எனக்கே விற்கப் பார்த்தாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

எங்கள் வழக்கம் இதுதான். இரண்டு கரையும் மின்சாரத்தை நிறுத்தியதை உறுதிசெய்து நான் கப்பலுக்குச் சொல்ல வேண்டும். பிறகு ஒட்டுப்போடுகிறவரும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். அவர்கள் கிளம்புவதற்குள் கேபிள் ஒருமுறை அறுந்தது. ஒட்டுப்போடும் அன்று காலை மாப்பிள்ளை கப்பலிலிருந்து சாட்டிலைட் போனில் கூப்பிட்டார். அதற்கு மட்டும் வானம்தான்.

"நிறுத்தியாச்சா மச்சான்?"

"நிறுத்தியாச்சு மாப்பிள்ளை."

என் கரையை நிறுத்தியிருந்தேன். அந்தக் கரையிடம் நிறுத்தச் சொல்லவில்லை. ஆக, நான் சொன்னது பொய்யில்லை. இதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

யாரோ மீட்டரை நீட்டியிருக்கிறார்கள். "மச்சானே சொல்லிட்டாரு, அப்புறம் இது எதுக்கு" என்று அவர் சொன்னது போனில் கேட்டது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே என்பீர்கள். திறந்தேனே. "பார்த்து செய்யுங்க மாப்பிள்ளை" என்றேன்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை.

வேண்டுமென்றே செய்ததுதான், மறைக்கவில்லை. தங்கை என் பக்கத்தில் இருக்க வேண்டும், வேறெதுவும் நான் கேட்கவில்லை. அவளோ தனியாகவே அந்தக் கரைக்குப் போய்விட்டாளாம். புகார் கொடுத்ததும் அவள்தான் என்கிறீர்கள். சின்ன வயதிலும் இப்படித்தான், கோபம் வந்தால் பேசமாட்டாள், பசித்தால் வந்துவிடுவாள். கேபிளை வேறொருவர் ஒட்டுப்போட்டு முடித்துவிட்டார், இப்போது குரல் சுத்தமாகக் கேட்கும். அந்த போனைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளி வையுங்கள் ஐயா, அவள் கூப்பிடுகிற நேரம்.