சாப்பிடும் இடத்தில் டிவி

சாப்பிடும் இடத்தில் டிவி வைக்கக் கூடாது என்பது என் எண்ணம். இன்றைக்கும் அதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. கண்ணைப் படத்தில் வைத்துக்கொண்டு ஃபுஃபுக் களியைப் பிட்டால் கை கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கும். செம்பனைப்பழ சூப் ஆறி, மேலே எண்ணெய் ஏடு கட்டிவிடும். பிறகு ருசி இல்லை என்று சமைத்தவளைக் குறை சொல்வார்கள்.

நானா எஜிர், நீங்கள் உங்கள் குலத்தின் தலைவர். அபா உங்கள் குலத்துப் பெண். தாய்வழியில் அவள் மகள் அட்ஜோவாவும் உங்களுடையவள்தான். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அதனால் எதையும் விடாமல் சொல்கிறேன்.

மான்கெசிம் சந்தைக்கு எதிரே அந்தச் சாப்பாட்டுக்கடையை நானும் என் தம்பியும் தொடங்கினோம். தம்பி இறந்த பிறகு நானும் அவன் மனைவி அபாவும் நடத்தினோம். சமையல் அவள் பொறுப்பு. பரிமாறுவதும் பேசுவதும் என் பொறுப்பு. பேச்சு என்றால் லேசாக நினைக்க வேண்டாம். லாரி டிரைவர்களும் தக்காளி வியாபாரிகளும் பாதிப் பேர் என் வாய்க்காகவே வந்தார்கள். யார் யாரோடு ஓடிப்போனாள், எந்தப் பாதிரியார் எந்த வீட்டு வாசலில் செருப்பை மறந்துவிட்டு வந்தார், எல்லாம் என் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போகும்.

டிவி வாங்கலாம் என்று முதலில் சொன்னவள் அட்ஜோவா. கேப் கோஸ்ட் நகரத்தில் நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இந்தக் காலத்துல டிவி இல்லாத கடைக்கு யாரு வருவா? எதிர்க்கடையில மேட்ச் போட்டா நாம இங்க ஈ ஓட்ட வேண்டியதுதான்."

"ஓட்டிட்டுப் போறேன். எனக்குக் கை இல்லையா?"

"கை எதுக்கு அத்தை? நீங்க வாயைத் திறந்தாலே ஈ பறந்துடுமே."

நானும் சிரித்தேன். அந்தப் பெண் மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எனக்குத் தலை பின்னிவிடுவாள். இழுக்காமல் பின்னுவாள்.

டிவி வந்ததும் கூட்டம் கூடியது, மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள். நான் கிண்ணத்தை வைத்தால் கிண்ணத்தைப் பார்ப்பார்கள், பிறகு சுவரைப் பார்ப்பார்கள். தம்பியின் முதலாண்டு நினைவு நாளை அறிவிக்க, மேட்ச் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு மதியம் கூடத்தின் நடுவில் நின்றேன். அவன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கோபினா என்ற டிரைவர் குரல் கொடுத்தான்.

"அக்கா, கொஞ்சம் தள்ளுங்க. நீங்க நிக்கிற அகலத்துக்கு ஒரு பந்தும் உள்ள போகாது."

கடையே சிரித்தது. அபாவும் சிரித்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரித்தாள். செத்தவன் அவள் புருஷன்.

நான் தள்ளி நின்றேன். ஏழு மாதம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை பத்தரைக்குக் கடை போன் அடித்தது. அபாவின் போன் இரண்டு நாளாகப் பழுதாகிக் கிடந்தது. பேசியவள் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியின் நர்ஸ். டாக்ஸி பிடித்தால் இருபது நிமிஷம்.

"அட்ஜோவா வந்த வேன் கவுந்துடுச்சும்மா. பொண்ணுக்கு நினைவு இருக்கு. இந்த நம்பரை அதுதான் சொல்லுச்சு. அம்மா அம்மாங்குது. சீக்கிரம் வரச் சொல்லுங்க."

சொல்லத்தான் போனேன். அபா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். இந்தியாவிலிருந்து வரும் சீரியல், நம் ட்வி மொழியில் பேசவிட்டிருந்தார்கள். பெரிய வீட்டில் ஒரு மருமகள் அழுதுகொண்டிருந்தாள்.

"அபா" என்றேன்.

"இருங்க அண்ணி. இப்பதான் அவளுக்கு உண்மை தெரியப்போகுது."

அவள் திரும்பவில்லை. இருக்கச் சொன்னாள், இருந்தேன்.

பதினோரு மணிக்கு சீரியல் முடிந்தது. "என்ன அண்ணி, கூப்பிட்டீங்களே?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. மிளகாய் தீந்துபோச்சு" என்றேன். மிளகாய் உண்மையிலேயே தீர்ந்திருந்தது.

பதினொன்றேகாலுக்கு போன் மறுபடி அடித்தது, அதைப் பிறகு சொல்கிறேன். பன்னிரண்டுக்கு முன்னால் கூடம் நிறைந்துவிட்டது. அபாவைக் கூப்பிட்டு, "நின்னு நின்னு கால் வீங்கியிருக்கு, செத்த நேரம் உக்காரு" என்று டிவிக்கு நேராக ஒரு நாற்காலி இழுத்துப் போட்டேன். "இன்னைக்கு என்ன அண்ணி இவ்வளவு பாசம்?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். செய்தி ஆரம்பித்தது. சத்தத்தைக் கூட்டினேன்.

நம் ஊர்ச் செய்தியில் எதையும் மறைப்பதில்லை. கவிழ்ந்த வேன், சாலையில் சிதறிய யாம் கிழங்கு, பிறகு ஆட்களை வெளியே இழுப்பது. மஞ்சள் பறவைகள் போட்ட நீலத் துணி. ஈஸ்டருக்கு அபாவே மகளுக்கு எடுத்துத் தைத்துக் கொடுத்த துணி.

நான் படத்தைப் பார்க்கவில்லை, அபாவைப் பார்த்தேன். முதலில் துணியை அடையாளம் கண்டவள் போலச் சற்று முன்னால் குனிந்தாள், விலை விசாரிப்பவள் போல. அப்புறம்தான் கத்தினாள். கூடத்தில் நாற்பது பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். டிவி வந்த நாளிலிருந்து அந்தக் கூடத்தில் ஒருவர்கூட டிவியைப் பார்க்காமல் இருந்தது அப்போதுதான். கோபினாதான் எழுந்து போய் வயரைப் பிடுங்கினான்.

அட்ஜோவா பன்னிரண்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் போய்விட்டாள். தாய் வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டரே சொன்னார். ஆகவே நான் யாரையும் கொல்லவில்லை. ஈமச்சடங்குக்கு நானும் சிவப்பும் கறுப்பும் உடுத்தி முன்வரிசையில் உட்கார்ந்தேன். போன வாரம் அந்த நர்ஸ் கடை தேடி வந்து, "ரெண்டு தடவை கூப்பிட்டேனே, எடுத்தது யாரு?" என்று கேட்டதால்தான் உங்களுக்கு இந்தச் சிரமம்.

இரண்டாம் முறை நர்ஸ் போனை அட்ஜோவாவின் காதில் வைத்தாள்.

"அத்தை, அம்மா கிளம்பிட்டாங்களா?"

குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"சொல்லிட்டேன்மா. டிவி பாத்துக்கிட்டிருக்கா. முடிஞ்சதும் வர்றேங்குறா" என்றேன்.

நர்ஸ் போனை வாங்கிக்கொண்டாள்.

அபா அப்போது கொல்லையில் உரலில் ஃபுஃபு இடித்துக்கொண்டிருந்தாள் என்பது உண்மைதான், நானா எஜிர். ஆனால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடாமல் இருந்திருந்தால் அப்படிச் சொல்ல எனக்குத் தோன்றியே இருக்காது.