ஒன்றிலிருந்து மூன்றுக்கு

ரப்பர் முகமூடியைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீரே போதும். சுடுதண்ணீர் ஊற்றினால் ஓரம் விறைத்துக் கன்னத்தில் தடம் விழும். தினமும் தம்பி வேலைக்குப் போனபிறகு நான்தான் அதைக் கழுவிக் காயப்போடுவேன். அது பொருத்தியிருக்கும் மூச்சு மெஷினை வேறு யாரும் தொடுவதில்லை, ஐயா. நீங்கள் வேறு யாரையும் விசாரிக்கத் தேவையில்லை.

அவனுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். ஒன்பது வருடம் அது நோய் என்றே எங்களுக்குத் தெரியாது. பகலெல்லாம் தூங்கி வழிவான். சாப்பாட்டுத் தட்டில் கைவைத்தபடியே குறட்டை விடுவான். வேலை பார்க்கும் கிடங்கில் அவனுக்குக் ‘கொட்டாவி’ என்று பெயர் வைத்து, ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காரவைத்துப் பெட்டிகளை எண்ணச் சொல்லியிருந்தார்கள். அம்மா போனபிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அவனை எழுப்பி, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கிறானா என்று பார்த்து, பஸ் ஏற்றிவிட்டுத்தான் நான் தையலுக்கு உட்காருவேன்.

டாக்டர் எழுதிக்கொடுத்த மெஷின் காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்து வைத்திருந்தது. முதல் வாரம் தம்பி திணறினான். “மூச்சை வெளிய விட்டா எதிர்த்துத் தள்ளுதுக்கா” என்றான். மெஷின்காரர் வந்து ஏதோ பொத்தானை அழுத்தினார்.

“மூச்சு விடும்போது கொஞ்சம் தளர்த்திக் கொடுக்கும். ஒண்ணுல வச்சிருக்கேன். மூணு வரைக்கும் போகும், ஆனா இவருக்கு ஆகாது. தொண்டை மூடிக்கும். மெஷின் போட்டும் போடாத மாதிரிதான்.”

நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதத்தில் அவன் வேறு ஆளாகிவிட்டான். எனக்கு முன்பே எழுந்து குளித்துவிடுவான். சரக்கு தூக்கும் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டான். அங்கே ரசீது எழுதும் பெண்ணை ஒருநாள் வீட்டுக்கு அழைத்து வந்தான். நல்ல பெண். நான் தைத்த திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்து, “எங்க வீட்டுக்கும் நீங்கதான் தைச்சுத் தரணும், அக்கா” என்றாள். எங்க வீடு என்று அவள் சொன்னது எந்த வீட்டை என்று அவன்தான் விளக்கினான்.

“தனியா ஒரு வீடு பார்த்திருக்கோம். எனக்காக நீ பட்டதெல்லாம் போதும். இனிமே உன் வாழ்க்கையைப் பாருக்கா.”

அன்பாகத்தான் சொன்னான். என் வாழ்க்கை எந்த அறையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் முகமூடியைக் காயப்போட்டுவிட்டு, ஒன்றை மூன்றாக்கினேன்.

இரண்டே வாரத்தில் கொட்டாவி திரும்பி வந்தது. “மெஷின் பழுதாயிடுச்சோ?” என்றான். வேலை அதிகம், அதனால்தான் என்றேன். மெஷின்காரர் சோதிக்க வருவதாகச் சொன்ன அன்று ஒன்றுக்கு மாற்றினேன். அவர் படியிறங்கியதும் மறுபடி மூன்று. அந்தப் பெண் பயந்துபோய், “டாக்டர்கிட்ட காட்டலாமா, அக்கா?” என்று கேட்டாள். நான் கூட்டிப்போகிறேன் என்றேன். கூட்டிப்போகவில்லை. சட்டைப் பொத்தானை மறுபடியும் நானே போட்டுவிட ஆரம்பித்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவனால் எழவே முடியவில்லை. “இன்னிக்கு லீவு போட்டுடவா?” என்றான். நான் அவன் முகத்தைக் கழுவிவிட்டு அனுப்பினேன். வண்டியில் தூங்குவதை மேற்பார்வையாளர் பார்த்தால் பழைய நாற்காலிக்கே அனுப்பிவிடுவார், கல்யாணப் பேச்சும் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். நான் நினைத்தது அவ்வளவுதான். ரசீதுக் கட்டோடு அவள் பெட்டி அடுக்குகளுக்கு நடுவே வருவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? வண்டி அவள்மேல் ஏறி நின்ற பிறகும் அவன் கண் திறக்கவில்லையாம். மற்றவர்கள்தான் உலுக்கி எழுப்பியிருக்கிறார்கள்.

“நான்தான் கொன்னேன்” என்று அவன் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதை எழுதாதீர்கள். அவளைக் கொன்றது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எங்கள் இருவரையும் ஒரே இடத்தில் வைக்க முடியுமா என்று பாருங்கள். என்னை விட்டால் அவனுக்கு யாருமில்லை, ஐயா.