பேரை அழிக்கட்டுமா?

— முதல்ல எழுந்து போயி கையைக் கழுவிட்டு வாங்க.

— கழுவிட்டுத்தானே சௌந்தரி சாப்பிட உக்காந்தேன்?

— இன்னொரு தடவை கழுவுங்க. நீங்க செய்யற வியாபாரத்தைக் கேள்விப்பட்டேன். அந்தக் கையால சோத்தைத் தொடாதீங்க.

— யாரு உங்கிட்ட என்ன சொன்னா?

— பால் ஊத்த வந்த எல்லையம்மாதான். "உன் வீட்டுக்காரரு நெல்லு கொள்முதல் களத்துல ஜெனரேட்டரைப் போட்டு, டிவி மாதிரி ஒரு பொட்டியைக் காட்டி ஆம்பிளைங்களை அழ வைக்கறாரு"ன்னா.

— கம்ப்யூட்டர்னு சொல்லத் தெரியல அவளுக்கு. கேளேன் சௌந்தரி, தை மாசம். சம்பா நெல்லைக் களத்துல குவிச்சு வச்சுக்கிட்டு, எப்ப எடை போடக் கூப்பிடுவாங்கன்னு நாள் கணக்கா அங்கயே படுத்துக் கெடக்கறாங்க. போக இடமில்ல, செய்ய வேலையில்ல. கையில காசு வரப்போற நேரம் வேற. இந்தத் திருக்காட்டுப்பள்ளியில கம்ப்யூட்டர் விக்க அதை விட நல்ல இடம் ஏது?

— மைக்குல என்ன சொல்லிக் கூப்பிடறீங்க?

— நானா கூப்பிடறேன்? கட்சி மேடையில பேசற ரெத்தினத்தைப் பிடிச்சுப் போட்டிருக்கேன். "பெரியோர்களே! தாய்மார்களே! இரண்டாயிரம் பிறந்துவிட்டது! கம்ப்யூட்டர் தெரியாத பிள்ளைக்கு இனி களைக்கொத்துதான்! வாருங்கள், நீலமேகம் கம்ப்யூட்டர்ஸ்!" அந்தக் குரலுக்கே பாதிப் பேரு துண்டை உதறிக்கிட்டு எழுந்து வந்துடுவாங்க. வாங்கினா குத்துவிளக்கு இலவசம்.

— த்தூ.

— சோத்தை முன்னால வச்சுக்கிட்டு துப்பறியே!

— பேரு போடற வித்தை ஒண்ணு இருக்காமே, அதைச் சொல்லுங்க.

— அது என்னோட டெக்னிக். கம்பெனிக்காரனுக்கே தெரியாது. பிள்ளை பேரு என்னண்ணேன்னு கேப்பேன். தட்டுவேன். "டாக்டர் மலர்க்கொடி"ன்னு திரை முழுக்க கலர் கலரா, ஓரத்துல பூப்போட்டு வரும். அப்பன்காரன் கண்ணு கொட்டாம நிப்பான். கொஞ்ச நேரம் அப்படியே விட்டுடுவேன். அப்புறம் மெதுவா, "அண்ணே, அடுத்த ஆளு நிக்கறாரு. பேரை அழிக்கட்டுமா?"ம்பேன்.

— சீ!

— பெத்த பிள்ளை பேரை எந்த அப்பன் "அழி"ன்னு சொல்லுவான், சொல்லு? வாயே வராது. "இருங்க, இருங்க"ம்பான். அழியாம இருக்கணும்னா பொட்டியே உங்க வீட்டுக்கு வந்துடணும்ணேன்னு சொல்லுவேன். முடிஞ்சுது.

— எழவு வீட்டுல உக்காந்து திருடறவன்கூட உங்களை விட மேல்.

— ஏன் இப்படிப் பேசற? பிள்ளைங்க படிக்கத்தானே விக்கறேன்?

— என்னத்தைப் படிக்கும்? பகல்ல அங்க கரண்டு ஏது, கத்துக் கொடுக்க ஆளு ஏது? மேலத்தெரு தனபாக்கியம் வாங்கினாளே, அந்தப் பொட்டிக்கு மஞ்சள் குங்குமம் வச்சு, பட்டுத்துணி போர்த்தி, சாமி படத்துக்குக் கீழ வச்சிருக்கா. பட்டனை அமுக்கினா மக பேரு அழிஞ்சுடும்னு பயம் அவளுக்கு. மக இன்னிக்கும் கதிரறுக்கத்தான் போயிருக்கா.

— பாரேன், அதுக்கு நான் என்ன பண்ண?

— இந்த வித்தையெல்லாம் எங்கப்பாகிட்ட பலிக்காது. நான் உங்களைக் கட்டிக்கிட்ட அன்னிக்கே, ஊரு பாக்கக் காவேரியில முங்கி எனக்குத் தலைமுழுகினவரு. என் பேரைக் காட்டினீங்கன்னா, "அழி"ன்னு அவரே முதல்ல சொல்லுவாரு.

— அந்த மனுஷன் மூஞ்சியைக்கூட நான் பார்த்ததில்ல, அவருக்கு எங்க விக்கறது? சரி, சிரி. இன்னிக்கு நடந்ததைக் கேளேன். நம்ம கடையில வேலை பாக்கற செல்லத்துரை பெரிய மீனாப் பிடிச்சுட்டான். ஒரு குத்தகைக்காரப் பெரியவரு. நான் டீசல் வாங்கக் கிளம்பற வரைக்கும் கிட்டயே வரலையாம். நான் அந்தப் பக்கம் போனதும் வந்து, பொண்ணு பேரைப் போடச் சொல்லியிருக்காரு.

— குத்தகைக்காரருக்கு அவ்வளவு காசு ஏது?

— அதான் விஷயம். நெலம் பண்ணையாரோடது, சாகுபடி உரிமை இவரோடது. விட்டுக்கொடு, காசு தரேன்னு பண்ணை ரொம்ப வருஷமாக் கேக்குதாம். மசியாத ஆளு, இப்ப சரின்னுட்டாரு. நாளைக்குக் காலையில பண்ணை வீட்டுல கையெழுத்துப் போட்டுட்டு, நேரா நம்ம கடைக்கு வராராம்.

— உங்க பொட்டிக்கு நெலத்தை விடறாரா? ஐயோ! போயி வேணாம்னு சொல்லுங்க.

— வர்ற வியாபாரத்தையா? இந்த ஒண்ணை வித்துட்டா கம்பெனிக்காரன் என் போட்டோவைப் பேப்பர்ல போடுவான், தெரியுமா?

— அப்ப நான் போறேன் பண்ணை வீட்டுக்கு. அந்த உரிமை எப்படி வந்துச்சுன்னு உங்களுக்கு என்ன தெரியும்? கழக ஆட்சியில சட்டம் வந்துச்சு, குத்தகையைப் பதிஞ்சுக்கலாம்னாங்க. தாலுகா ஆபீசுக்குப் பதியப் போன எங்கப்பாவை, வாய்க்கால் மேட்டுல மறிச்சு பண்ணை ஆளுங்க வெட்டினாங்க. எடது கையில ரெண்டு விரலு போச்சு. அப்பவும் அவரு நெலத்தை விடல.

— ரெண்டு விரலா?

— ஆமா.

— நீ சொன்னதே இல்லையே சௌந்தரி.

— அவரு பேச்சை எடுத்தா அழுகை வரும்னு நானும் எடுக்கல, நீங்களும் கேக்கல. ஏன், சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கீங்க?

— செல்லத்துரை "டாக்டர்"னு தட்டப் போனானாம். அதெல்லாம் வேணாம், பேரு மட்டும் போதும்னாராம் அந்தப் பெரியவரு. பொண்ணுக்கு வயசு முப்பதாகுதுன்னாராம். வேன்ல வரும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்.

— பேரு என்ன?

— அண்ணி பேருதாண்ணேன்னான். ஊருல எத்தனையோ சௌந்தரநாயகி இருப்பாங்கடான்னேன்.

— அழிக்கட்டுமான்னு கேட்டானா?

— கேட்டிருக்கான். அவரு எடது கையை, அந்த மூணு விரலை, அப்படியே திரை மேல வச்சு உன் பேரை மூடிக்கிட்டாராம்.