நான்கு பேருக்கான வீடு

படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்குக் கிடையாது. நீங்கள் நீட்டியிருக்கும் இந்தத் தாளையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் போடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் டிடெக்டிவ் மேடம். வக்கீல் வேண்டாம் என்று மூன்றாவது பத்தியில் இருக்கிறது. வேண்டாம்தான். நடந்ததைச் சொல்ல எனக்கு இன்னொருவர் வாய் தேவையில்லை.

இந்தப் பழக்கம் அம்மாவால் வந்தது. எங்கள் ஊர் மெண்டோட்டாவில், எங்கள் சக்கரம் வைத்த டிரெய்லர் வீடு நின்ற மனைக்கு ஒரு வருஷம் புது ஒப்பந்தம் கொண்டுவந்தார்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. வந்தவன் சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டினான், போட்டுவிட்டாள். நான்காவது மாதம் சாமான்களோடு சாலையில் நின்றோம். எனக்கு அப்போது பதினொரு வயது. அன்றிலிருந்து வீட்டுக்கு வரும் காகிதத்தையெல்லாம் நான்தான் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். இன்னும் இரண்டு பருவம் முடிந்தால் பட்டம்.

நான் படிக்கும் இந்த சாண்டா குரூஸில் வீடு கிடைப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் நீங்கள் வாடகைக்குத் தேடியிருக்க மாட்டீர்கள். அம்மா மூன்று வாரம் பழக் கொட்டகையில் நின்று முலாம்பழம் அடுக்கிச் சம்பாதிப்பது இங்கே ஓர் அறையின் ஒரு மாத வாடகைக்குக் காணாது. பல்கலைக்கழக விடுதியில் காத்திருப்போர் பட்டியல் என்று ஒன்று உண்டு. அதில் என் பெயர் இன்னும் இருக்கிறது. இரண்டாம் வருஷம் பதினான்கு வாரம் காரில் படுத்தேன். குளியல் உடற்பயிற்சிக் கூடத்தில், சாப்பாடு நூலகத்து மைக்ரோவேவில். 'எல்லோரும் இங்கே வரவேற்கப்படுகிறார்கள்' என்று புல்வெளியில் பலகை நட்டுவைத்திருந்த ஒரு வீட்டின் முன்னால்தான் கொஞ்ச நாள் காரை நிறுத்தினேன். அந்த வீட்டம்மா கார் கண்ணாடியில் ஒரு சீட்டு செருகிவிட்டுப் போனாள். வேறு தெருவில் தூங்கும்படி அன்பாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இதய வடிவம்கூட ஒன்று வரைந்திருந்தாள். அந்தத் தெருவிலேயே பதினோரு வீடுகள் விடுமுறைக்கு வருகிறவர்களுக்காக வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்தன. சாயங்காலமானால் உள்ளே விளக்கு தானாக எரியும். யாருக்காக எரிகிறது என்று பின்சீட்டில் படுத்துக்கொண்டு யோசிப்பேன்.

பிறகுதான் இன்னும் மூன்று மாணவர்களோடு சேர்ந்து இந்த வீடு கிடைத்தது. நான்கு பேருக்கு மேல் தங்கக் கூடாது என்பது உரிமையாளர் போட்ட விதி. ஒரு ஆள் கூடினாலும் நால்வரையும் வெளியேற்றலாம். ஒப்பந்தத்தில் பன்னிரண்டாவது பிரிவு. மனப்பாடமாகச் சொல்வேன்.

ஐந்தாவது ஆள் ஆராசெலி. எங்கள் ஊர்ப் பெண், என்னைவிட மூன்று வயது சின்னவள். அவள் அம்மாவும் என் அம்மாவும் ஒரே வரிசையில் நின்று பழம் அடுக்குகிறவர்கள். கல்லூரி தொடங்கி இரண்டு வாரம் ஆகியும் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அவள் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "நீ இருக்கேன்னுதான் அவ்வளவு தூரம் அனுப்புனேன், யெசி. அவ உன் கையில." சரி என்றேன். என் அறையில் துணி வைக்கும் சின்ன அறை ஒன்று இருந்தது. அதில் மெத்தை போட்டுக் கொடுத்தேன். காலை நீட்டினால் கதவு திறந்துகொள்ளும். என் பங்கு வாடகையில் பாதி அவள் தந்தாள். நான் அதை உதவி என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. அந்தத் தெருவில் எந்த மாணவர் வீட்டைத் தட்டினாலும் காகிதத்தில் இல்லாத ஒரு ஆள் இருப்பான். உரிமையாளரின் ஏஜென்ட் வீட்டைச் சோதிக்க வருவதற்கு ஒரு நாள் முன்னால் கதவில் அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்பது சட்டம். அறிவிப்பைப் பார்த்ததும் கூடுதல் பல்துலக்கி பைக்குள் போகும், கூடுதல் செருப்பு காருக்குள் போகும், மெத்தை இன்னொரு மெத்தைக்கு அடியில் போகும். ஆள் நூலகத்துக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் இதற்கான விதிகளை எழுதியவள் நான். திடீரென்று யாராவது வந்துவிட்டால் ஒளிய இடம் பரண். நடைவழிக் கூரையில் ஒரு கதவு, இழுத்தால் ஏணி இறங்கும். கைபேசியைக் கீழே கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். முன்பு ஒரு தடவை, ஏஜென்ட் சமையலறையில் நின்றபோது மேலே மணி அடித்துவிட்டது. அன்று நான் இருமி இருமிச் சமாளித்தேன். அதற்குப் பிறகு போட்ட விதி அது.

செப்டம்பர் பதினேழு, புதன்கிழமை. மூன்று மணிக்கு வருவதாக அறிவிப்பு. அந்த வாரம் வெயில் கடுமை. கடலோரத்து வீடுகளில் ஏசி கிடையாது, யாருக்கும் அது தேவைப்பட்டதும் கிடையாது. ஆராசெலி விடியலில் டோனட் கடை வேலைக்குப் போய்விட்டு வந்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு இணையத்தில் ஒரு தேர்வு. முடித்துவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்புவதாகச் சொன்னாள். ஒரு மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது.

"யெசி, இது அந்த அம்மாவா?"

"அவதான். ஓடு."

"மூணு மணின்னு போட்டிருந்தாளே, பொய்க்காரி."

"வாயாடாம ஏறுடி."

ஏணியில் பாதி ஏறி நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "மேல கொதிக்குதுடி. டமாலே மாதிரி ஆவியில வெந்து இறங்கப் போறேன். தொட்டுக்க சல்சா எடுத்து வை."

"போனைக் குடு."

கொடுத்தாள். ஏணியை மடித்துக் கதவை மூடினேன். அந்தக் கதவு கொண்டி போடாவிட்டால் தானாகத் தொங்கிவிடும். கொண்டி கீழ்ப்பக்கம் இருக்கிறது. போட்டேன். அதை யார் போட்டது என்று நேற்று இரண்டு தடவை கேட்டீர்கள். நான்தான்.

ஏஜென்ட் பெயர் கெயில். கெட்டவள் இல்லை. எப்போதும் நெற்றியில் வெயில் கண்ணாடியை ஏற்றிவைத்திருப்பாள், எல்லோரையும் செல்லமே என்பாள். "சீக்கிரம் வந்துட்டேன், மன்னிச்சுக்கோ செல்லம். நாலு வீடு பாக்கணும், இந்த வெயில்ல மண்டை காயுது." வாய் பேசிக்கொண்டிருக்க, கை ஒவ்வொரு அலமாரியாகத் திறந்துகொண்டிருந்தது. என் அறையின் துணி அறையையும் திறந்தாள். மெத்தையைக் கதவுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்து, மேலே என் குளிர்கோட்டை மாட்டியிருந்தேன். அவள் பார்வை அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கதவைச் சாத்தினாள்.

முதல் தட்டல் ஒன்றரை மணி வாக்கில் கேட்டது. இரண்டு தட்டு, மெல்ல.

"அது என்ன சத்தம்?"

"தண்ணிக் குழாய். வெயில் ஏறுனா இப்படித்தான் சத்தம் போடும்."

"பழைய வீடுன்னா அப்படித்தான்" என்றாள்.

அத்துடன் அவள் கிளம்பியிருக்க வேண்டும். வாசல்வரை போனாள். நானும் பின்னாலேயே போனேன். அங்கே நின்று பையிலிருந்து புது ஒப்பந்தத்தை எடுத்தாள். "உன்கிட்ட நேரா சொல்லிடறேன். அடுத்த வருஷத்துக்கு வேற ஒரு கூட்டம் கேக்குது. அப்பா அம்மா ஜாமீன் கையெழுத்தோட வர்ற பசங்க. உரிமையாளருக்கு அவங்கமேலதான் ஆசை. நீங்க இன்னைக்கே நாலு பேரும் போட்டுக் குடுத்தா, இதே வாடகைக்கு நான் பேசி வாங்கித் தர்றேன். நாளைன்னா என் கையில இல்ல."

மற்ற மூவரும் கைபேசியிலேயே கையெழுத்து அனுப்பிவிட்டார்கள், ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒருவரும் ஒரு பக்கம் வாசிக்கவில்லை. அவர்களுக்கெல்லாம் அப்பாக்கள் இருக்கிறார்கள். எனக்கு நான்தான். சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். இருபத்து மூன்று பக்கம்.

ஆராசெலி மறுபடியும் தட்டினாள். ஏழாவது பக்கத்தில் இருந்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கெயிலிடம் கேட்டேன். குளிர்ந்த தண்ணீராக இருந்தால் நல்லது என்றாள். ஐஸ் போட்டுக் கொடுத்தேன். அவள் குடித்தாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். அவசரப்பட்டால் சந்தேகப்படுவாள் என்பது ஒன்று. பதினான்காவது பக்கத்தில் முன்பணம் பற்றி ஒரு வரி மாறியிருந்தது என்பது இன்னொன்று. அதைக் கேட்டு, அந்த வரியை அடிக்கச் சொல்லி, பக்கத்தில் அவளைச் சுருக்கொப்பம் போட வைத்தேன். என் அம்மா அன்று செய்திருக்க வேண்டிய காரியம்.

பரணில் எவ்வளவு வெப்பம் இருந்தது என்று நேற்று ஒரு எண் சொன்னீர்கள். அந்த எண் எனக்கு அப்போது தெரியாது. ஆனால் சூடு என்று தெரியும். அதை மறைக்க விரும்பவில்லை.

கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டே முக்காலுக்குக் கெயில் எழுந்தாள். "உரிமையாளர் சாயங்காலத்துக்குள்ள போட்டு மெயில்ல அனுப்பிடுவாரு. அதுவரைக்கும் இது வெறும் காகிதம்தான், செல்லம்." கதவைச் சாத்தினேன். நேராகப் பரண் கதவுக்குக் கீழே வந்து நின்றேன். ஒரு தட்டு. ஒன்றே ஒன்று. "கொஞ்சம் பொறு, கார் இன்னும் போகல" என்றேன். கார் போகவில்லை என்பது உண்மை. கெயில் உள்ளே உட்கார்ந்து யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். மூன்று ஐந்துக்குப் போனாள்.

இதற்குப் பிறகு உள்ளதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நீங்கள் நினைப்பதுபோல நான் பயந்து உறைந்து நிற்கவில்லை. யோசித்தேன். அவள் நன்றாக இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பதில் ஒன்றுமில்லை. நன்றாக இல்லாவிட்டால் நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியிருக்கும். ஆம்புலன்ஸ் தனியாக வராது. தீயணைப்பு வண்டி வரும், நீங்கள் வருவீர்கள், தெரு முழுக்க வாசலில் நிற்கும். நான்கு மணிக்குள் கெயிலுக்குத் தெரிந்துவிடும். உரிமையாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கதவைத் திறந்தால் ஏதோ ஒன்று எனக்குத் தெரிந்துவிடும். திறக்காதவரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்தேன். அவளைத் தனியாக விடவில்லை.

நான்கு மணிக்கு டோபின் வந்தான். ஒப்பந்தத்தில் உள்ள நால்வரில் ஒருவன், வரலாறு படிக்கிறவன். "என்ன, நடைவழியில நாற்காலி போட்டு உக்காந்திருக்க? சுங்கம் வசூலிக்கிறியா?"

"இங்கதான் காத்து வருது."

"ஆரா எங்க? அவளுக்கு ஐஸ் காபி வாங்கிட்டு வந்தேன்."

"நூலகத்துல."

காபியைக் குளிர்பெட்டியில் வைத்தான். வீடு நமக்குத்தானா என்று கேட்டான். இன்னும் சாயங்காலம் ஆகவில்லை என்றேன். அவன் என் தோளில் தட்டிவிட்டு, "நீ இல்லன்னா நாங்கல்லாம் தெருவுலதான், யெசி" என்றான். அது உண்மை. அவனை ஒன்றும் கேட்காதீர்கள், அவனுக்கு எதுவும் தெரியாது.

ஐந்து இருபத்திரண்டுக்கு மெயில் வந்தது. இணைப்பைத் திறந்து, எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அதற்குப் பிறகுதான் கொண்டியை எடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். மூன்று ஐந்திலிருந்து ஐந்து இருபத்திரண்டுவரை என்னைத் தடுக்க அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. காத்திருந்தது நான். ஆராசெலி கதவுக்குப் பக்கத்திலேயே கிடந்தாள், மூச்சு இல்லை. முகத்தைப் பலகை இடுக்கில் வைத்திருந்தாள். அங்கே கொஞ்சம் காற்று வரும்.

அவள் அம்மாவிடம் நானே பேசுகிறேன் என்று கேட்டேன், நீங்கள் விடவில்லை. விட்டிருந்தால் ஒன்று சொல்லியிருப்பேன். உங்களிடமாவது சொல்கிறேன். ஆராசெலிக்கு வீட்டின் விதிகள் எல்லாம் தெரியும். ஏஜென்ட் காதில் விழக் கூடாது, என் காதில் மட்டும் விழ வேண்டும் என்று அத்தனை மெல்லத் தட்டினாள். அந்த வீடு எங்களுக்கு வேண்டும் என்று என்னைப் போலவே அவளும் நினைத்தாள். கெயில் இருந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஒரு தடவைகூட அவள் கத்தவில்லை. நீங்களே சொல்லுங்கள் மேடம், வெளியே வர வேண்டும் என்று நினைக்கிறவள் கத்த மாட்டாளா?